மலையேறும் வாக்கும் மலையேறாத வாக்கும்

பழனி சட்டமன்றத் தொகுதிக்கு இரண்டு தட்பவெப்பங்கள். அடிவாரச் சமவெளி ஒரு பகுதி. ஏறத்தாழ ஏழாயிரம் அடி உயரத்தில், பூண்டும் உருளைக்கிழங்கும் விளையும் கொடைக்கானல் வட்டம் மற்றொரு பகுதி. மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, கிளாவரை. கீழ்மலையில் பண்ணைக்காடு, தாண்டிக்குடி. மக்களவைக்கு இவை எல்லாம் திண்டுக்கல் தொகுதியில் சேரும்.

தேர்தல் வந்தால் அரசு இந்த மலையில் ஏறியாக வேண்டும். எந்த வாக்காளரும் வாக்குச்சாவடிக்கு இரண்டு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டியிருக்கக் கூடாது என்பது தேர்தல் ஆணையம் தனக்குத்தானே வகுத்துக்கொண்ட அளவு. பெரியகுளம் பக்கமிருந்து கொடைக்கானலுக்கு ஏறிய பழைய நடைபாதையில் இருக்கிறது வெள்ளகவி. வாகனம் போகாத அந்த ஊருக்கு வாக்குப்பதிவு இயந்திரங்கள் குதிரை முதுகில் போன படங்களை நாளிதழ்களில் பலரும் பார்த்திருப்பார்கள். பின்னால் அலுவலர்கள் வரிசையாக நடந்து போவார்கள். சில நூறு வாக்குகளுக்காக ஓர் அரசு இவ்வளவு மெனக்கெடுவது பெருமைப்படத் தக்க விஷயம்தான்.

வாக்காளர் ஊரில் இருந்தால் இப்படி. அவர் ஊரில் இல்லாவிட்டால்? மேல்மலைக் கிராமம் ஒன்றிலிருந்து இருவர் வெளியே போயிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் ராணுவத்தில் சேர்ந்து லடாக்கில் காவல் நிற்கிறார். இன்னொருவர் துபாயில் கட்டட வேலை பார்க்கிறார். இருவரும் இந்தியக் குடிமக்கள், இருவரும் ஒரே வாக்காளர் பட்டியலில் இடம்பெறத் தகுதி உள்ளவர்கள். ஆனால் முதலாமவருக்கு வாக்குச்சீட்டு தேடிவரும். இரண்டாமவர் வாக்குச்சாவடியைத் தேடி வர வேண்டும். இந்த வேறுபாட்டுக்குத் தூரம் காரணமில்லை. லடாக்கின் எல்லைக் காவல் நிலையை விடத் துபாய்க்குத் தபால் போய்ச் சேருவது எளிது. காரணம் சட்டம் கேட்கும் ஒரு கேள்வியில் இருக்கிறது: உன்னை ஊரை விட்டு அனுப்பியது யார்?

1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20ஆம் பிரிவிலிருந்து தொடங்கலாம். ஒருவர் எங்கே 'சாதாரணமாக வசிக்கிறாரோ' அங்கேதான் அவருக்கு வாக்கு. ஓர் ஊரில் வீடு சொந்தமாக இருப்பது மட்டும் அந்த ஊரில் வசிப்பதாகாது என்று அந்தப் பிரிவு முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறது. கொடைக்கானலில் இது ஏட்டளவு நுணுக்கம் அல்ல. ஏரியைச் சுற்றிலும் அதற்கப்பாலும் உள்ள பங்களாக்களில் பலவற்றின் உரிமையாளர்கள் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள்; கோடையில் சில வாரம் வந்து போகிறார்கள். அந்த வீட்டை நம்பி அவர்களுக்கு இங்கே வாக்கு கிடையாது. ஆண்டு முழுவதும் அந்த வீட்டைக் காவல் காக்கும் தோட்டக்காரருக்கு உண்டு. நல்ல சட்டம் என்றே சொல்ல வேண்டும்.

அதே சட்டம் ராணுவ வீரருக்கு மட்டும் ஒரு புனைவை அனுமதிக்கிறது. அவர் உடல் லடாக்கில் இருந்தாலும், பணிக்குப் போகாதிருந்தால் எங்கே வசித்திருப்பாரோ அங்கேயே வசிப்பதாகக் கொள்ளப்படும். இதற்கான உறுதிமொழியை அவர் 2ஆம் எண் படிவத்தில் கொடுக்க, அது அவரது படையின் ரெக்கார்டு அலுவலகம் வழியாகச் சொந்தத் தொகுதியின் வாக்காளர் பதிவு அலுவலருக்கு வந்து சேரும். முப்படையினர், ராணுவச் சட்டம் பொருந்தும் பிற படையினர், வெளி மாநிலத்தில் பணிபுரியும் மாநில ஆயுதப் போலீசார், இந்தியத் தூதரகங்களில் வேலை பார்க்கும் அரசு ஊழியர்கள் ஆகிய நான்கு வகையினருக்கும் 'பணி வாக்காளர்' என்று பெயர். பட்டியலின் கடைசிப் பாகத்தில் அவர்கள் தனியே இருப்பார்கள்.

கூடவே வசிக்கும் மனைவியும் பணி வாக்காளராகலாம். பெண் அதிகாரியின் கணவருக்கு அந்த உரிமை 2021 வரை இல்லை. படை என்றால் ஆண்கள்தான் என்று 1950இல் எழுதிய வரி, பெண்கள் படைகளில் அதிகாரிகளாக வந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னும் அப்படியே கிடந்தது. 2021 டிசம்பரில் நிறைவேறிய தேர்தல் சட்டத் திருத்தம்தான் 'மனைவி' என்பதை எடுத்துவிட்டு இருபாலருக்கும் பொதுவான சொல்லைப் போட்டது. ஆதார் எண்ணை வாக்காளர் பட்டியலோடு இணைக்கும் சர்ச்சையில் இந்தத் திருத்தம் பேசப்படாமலே போயிற்று.

புனைவு இருந்தாலும் தாள் போய்ச் சேர வேண்டுமே. முதல் பொதுத்தேர்தலிலிருந்து பணி வாக்காளரின் வழி தபால்தான். வேட்பாளர் பட்டியல் இறுதியான பிறகு வாக்குச்சீட்டை அச்சடித்து உறையிலிட்டு அனுப்ப வேண்டும். அது ராணுவ அஞ்சலகம் வழியாகப் படைப்பிரிவுக்குப் போய், குறியிடப்பட்டு, வாக்கு எண்ணும் நாள் காலைக்குள் திரும்பி வர வேண்டும். இதற்கு இருந்த காலமோ சொற்பம். அதையும் சுருக்கியது 1996ஆம் ஆண்டுத் திருத்தம். வேட்புமனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாளுக்கும் வாக்குப்பதிவுக்கும் நடுவே குறைந்தது 20 நாள் என்று இருந்ததை அது 14 ஆக்கியது. பிரசாரச் செலவு குறையும் என்பது அதற்கு ஒரு நியாயம். எல்லையில் நின்றவர்களின் தபால் என்ன ஆகும் என்று யாரும் பெரிதாக யோசித்ததாகத் தெரியவில்லை.

விளைவை எண்களில் பார்க்கலாம். 2014 மக்களவைத் தேர்தலில் 13 லட்சத்துக்கு மேற்பட்ட பணி வாக்காளர்களுக்குச் சீட்டு அனுப்பப்பட்டது; திரும்பி வந்தவை சுமார் 4 விழுக்காடு. நாட்டின் மொத்த வாக்குப்பதிவு 66 விழுக்காட்டைத் தாண்டிய தேர்தல் அது. நாட்டைக் காப்பவர்களின் வாக்கு நாட்டுக்குப் பயன்படவில்லை என்று மேடையில் முழங்க வசதியான புள்ளிவிவரம். உண்மையில் அது அஞ்சல் கால அட்டவணை பற்றிய புள்ளிவிவரம்.

இந்த ஓட்டையை அடைக்க 2003இலேயே ஒரு முயற்சி நடந்தது. அந்த ஆண்டின் திருத்தம் படையினருக்குப் பதிலி வாக்கு என்ற வழியைத் திறந்தது. வீரர் தனக்குப் பதிலாக வாக்களிக்க ஊரில் ஒருவரை நியமிக்கலாம். அவர் அந்தத் தொகுதியில் வசிப்பவராக இருக்க வேண்டும். பட்டியலில் பெயர் இருக்க வேண்டிய அவசியமில்லை. வாக்காளராகத் தகுதி இழந்தவராக இருக்கக் கூடாது. 13எஃப் படிவத்தில் வீரர் தன் கட்டளை அதிகாரி முன்பும், பதிலி ஊரில் நோட்டரி அல்லது மாஜிஸ்திரேட் முன்பும் கையெழுத்திட வேண்டும். வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்குள் அது தேர்தல் நடத்தும் அலுவலரிடம் சேர்ந்துவிட்டால் அந்தத் தேர்தலுக்கும், ரத்து செய்யும் வரை இனி வரும் தேர்தல்களுக்கும் செல்லும். தூதரக ஊழியர்களுக்கு இந்த வழி கிடையாது, படையினருக்கு மட்டும்தான்.

இந்த ஏற்பாட்டில் ஒரு சின்ன விவரம் எனக்குப் பிடித்தமானது. பதிலிக்கு மை வைக்கும் விரல் வேறு. சொந்த வாக்குக்கு இடது ஆள்காட்டி விரலில் மை. மகனுக்காகப் போடும் வாக்குக்கு இடது நடுவிரலில். எனவே ஒரே தகப்பனார் தேர்தல் முடிந்து இரண்டு விரல் மையோடு வீடு திரும்புவது சட்டப்படி சரியே. நம் தேர்தல் முறையில் ஒருவர் கையால் இரண்டு வாக்கு போடுவதை அரசே ஏற்கும் அரிய இடங்களில் இது ஒன்று.

ஆனால் இதில் விட்டுக்கொடுத்தது சிறியதல்ல. வாக்கின் ரகசியம் என்பது தகப்பனுக்கும் தெரியக் கூடாத ரகசியம். பதிலி முறையில் வீரர் யாருக்குப் போடச் சொன்னார் என்பது பதிலிக்குத் தெரியும். சொன்னபடி போட்டாரா என்பது வீரருக்குத் தெரியாது. சாதிக்கட்சியும் உறவுமுறையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் கிராமங்களில் மகனின் வாக்கு வீட்டின் வாக்காகிவிட எத்தனை நேரமாகும்? கிட்டத்தட்ட நூறாண்டுக்கு முன்பே பிரிட்டன் இதே வழியில் போயிருக்கிறது. முதல் உலகப் போர் முடியும் நேரத்தில், 1918ஆம் ஆண்டுச் சட்டத்தில், கடல்கடந்த போர்முனைகளில் இருந்த வீரர்களுக்குப் பதிலி முறையை அது ஏற்றது. போர்க்காலத்துக்குப் பொருந்திய ஏற்பாட்டை நாம் அமைதிக் காலத்தில், கைபேசி வந்த பிறகு எடுத்துக்கொண்டோம்.

தபாலின் ஒரு பாதியைக் கழித்துவிட்டால் போதும் என்ற யோசனை அதற்குப் பிறகுதான் வந்தது. 2016 அக்டோபரில் தேர்தல் நடத்தை விதிகள் திருத்தப்பட்டு, வாக்குச்சீட்டை மின்னணு முறையில் அனுப்பலாம் என்றானது. அது முதலில் சோதிக்கப்பட்ட இடம் நமக்கு அருகில்தான்: புதுச்சேரியின் நெல்லித்தோப்புத் தொகுதி. முதலமைச்சர் நாராயணசாமி போட்டியிட்ட 2016 நவம்பர் இடைத்தேர்தல் அது. புனேயின் சி-டாக் நிறுவனத்தின் உதவியோடு உருவான இந்த முறையை அலுவலகங்களில் ஆங்கில எழுத்துகளைக் கூட்டி இ.டி.பி.பி.எஸ். என்கிறார்கள்.

முறையை முழுக்க மின்னணு என்று எண்ணிவிடக் கூடாது. போவது மட்டும்தான் மின்வழி. வருவது பழைய தபால்தான். தேர்தல் நடத்தும் அலுவலர் கணினியில் சீட்டை ஏற்றுகிறார். படைப்பிரிவில் கடவு எண்ணும் ஒருமுறைக் கடவுச்சொல்லும் கொண்டு அதை இறக்கி அச்செடுக்கிறார்கள். வீரர் தன் விருப்பத்தைக் குறித்துச் சீட்டை உள் உறையிலிட்டு ஒட்டுகிறார். 13ஏ என்ற உறுதிமொழியில் அதிகாரி முன் கையெழுத்திடுகிறார். அதிகாரி அடையாளத்துக்குச் சான்றொப்பமிடுவாரே தவிரச் சீட்டைப் பார்க்கக் கூடாது. உறுதிமொழியும் உள் உறையும் வெளி உறைக்குள் போகும். உறைகளிலும் உறுதிமொழியிலும் உள்ள கியூ.ஆர். குறிகளை எண்ணும் மையத்தில் வருடிப் பார்ப்பார்கள். ஒரே சீட்டை இரண்டு முறை அச்செடுத்து அனுப்பியிருந்தால் அங்கே மாட்டிக்கொள்ளும்.

இப்படி ஒரு பாதித் தூரத்தை மட்டும் மிச்சப்படுத்தியதில் என்ன பெரிதாக நடந்துவிடும் என்று கேட்கலாம். 2019 மக்களவைத் தேர்தலில் 18,02,646 பணி வாக்காளர்கள் பதிவாகியிருந்தார்கள். பாதுகாப்புத் துறையினர் 10,16,245. உள்துறையின் கீழ் வரும் மத்திய காவல் படையினர் 7,82,595. வெளியுறவுத் துறையினர் 3,539. மாநிலப் போலீசார் 267. திரும்பி வந்த வாக்குச்சீட்டுகள் 10,84,266. அதாவது 60.14 விழுக்காடு. ஐந்தாண்டுக்கு முன் சுமார் 4. வீரர்களுக்கு அக்கறையில்லை என்ற பேச்சு அதோடு எடுபடாமல் போனது. பழுது வழியில்தான் இருந்தது.

இருந்தும் கால அட்டவணையின் பாரபட்சம் தீரவில்லை. 2024இல் தமிழ்நாட்டில் வேட்புமனு திரும்பப் பெறும் நாள் மார்ச் 30. வாக்குப்பதிவு ஏப்ரல் 19. வாக்கு எண்ணிக்கை ஜூன் 4. மேல்மலை வீரரின் உறை திண்டுக்கல் வந்து சேர ஏறத்தாழ 66 நாள் கிடைத்தது. ஏழாம் கட்டத்தில் வாக்களித்த பஞ்சாபுக்கும் இமாசலப் பிரதேசத்துக்கும் திரும்பப் பெறும் நாள் மே 17. எண்ணிக்கை அதே ஜூன் 4. அவர்களுக்கு 18 நாள். ராணுவத்துக்கு ஏராளமானோரை அனுப்பும் இரண்டு மாநிலங்கள் அவை. எந்தக் கட்டத்தில் தன் மாநிலம் வருகிறது என்பதைப் பொறுத்து ஒரு வீரரின் வாக்குக்கு மூன்றரை மடங்கு கூடுதல் அவகாசம் கிடைப்பதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. யாரும் கவனித்துத் திருத்தவும் இல்லை.

இந்த உறை போகும் வழியில் ஒன்றைக் கவனிக்கலாம். அது மலை ஏறுவதே இல்லை. மக்களவைத் தேர்தலில் மாவட்ட ஆட்சியரும் சட்டமன்றத் தேர்தலில் பழனிக்கான தேர்தல் நடத்தும் அலுவலருமே அதைப் பெற்றுக்கொள்கிறார்கள். கிளாவரைக்காரரின் வாக்கு கிளாவரைச் சாவடியின் கணக்கில் வராது; அஞ்சல் வாக்குகளின் பொது மேசையில் கலந்துவிடும். பதிலி வாக்கு மட்டும் ஊருக்குள் போய், ஊர்க்காரர் கையால், ஊர்ச் சாவடி இயந்திரத்தில் பதிவாகும். எந்தச் சாவடியில் யாருக்கு எத்தனை என்று கட்சிக்காரர்கள் கணக்குப் பார்க்கும் நாட்டில், தபாலில் வரும் வாக்கு ஊரின் கண்ணிலிருந்து தப்பிவிடுகிறது. படையினரின் வாக்கு ரகசியத்துக்குப் பதிலியைவிடத் தபால் நல்லது என்று நான் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தபால் ஓட்டின் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது: சான்றொப்பத்தில். இதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பாடம் உண்டு. 2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரத்தில் அ.தி.மு.க.வின் இன்பதுரை தி.மு.க.வின் அப்பாவுவை 49 வாக்கு வித்தியாசத்தில் வென்றதாக அறிவிக்கப்பட்டது. நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர்கள் சான்றொப்பமிட்டிருந்த 203 அஞ்சல் வாக்குகள், கையெழுத்திட்டவர்கள் உரிய தகுதியுள்ள அதிகாரிகள் அல்ல என்று ஒதுக்கப்பட்டிருந்தன. அவை தேர்தல் பணிக்குப் போனவர்களின் வாக்குகள், படையினருடையவை அல்ல. ஆனால் உறைக்குள் உறை, உறுதிமொழி, அதிகாரி கையெழுத்து என்ற அமைப்பு இரண்டுக்கும் ஒன்றே. அப்பாவு வழக்குப் போட்டார். மூன்றாண்டு கழித்து, 2019 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அஞ்சல் வாக்குகளையும் கடைசி மூன்று சுற்றுகளையும் மறுபடி எண்ணச் சொன்னது. நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணினார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அந்த இடைவெளியில் ஐந்தாண்டுப் பதவிக்காலம் ஓடி முடிந்து, 2021 தேர்தலும் வந்துவிட்டது. அதில் வென்ற அப்பாவு பேரவைத் தலைவரானார்.

ஒரு முத்திரையின் தகுதி ஒரு தொகுதியின் முடிவைத் தொங்கவிட முடியும் என்றால், சான்றொப்பமிடுபவர் யார் என்ற கேள்வியை அலுவலகச் சடங்கு என்று தள்ள முடியாது. 2025 செப்டம்பரில் ஆணையம் ஒரு மாற்றம் செய்தது: அஞ்சல் வாக்குகளை எண்ணி முடிக்காமல், மின்னணு இயந்திரங்களின் இறுதிக்கு முந்தைய சுற்றைத் தொடங்கக் கூடாது. இயந்திரக் கணக்கு முடிந்து வெற்றி தோல்வி தெரிந்த பின், தபால் உறைகளை வைத்துக்கொண்டு பேரம் பேசும் சூழல் இதனால் குறையும்.

இனி துபாய்க்காரர். 2011 வரை அவருக்குச் சட்டத்தில் இடமே இல்லை; வேலை நிமித்தம் வெளிநாட்டில் தங்கியவர் ஊரில் வசிக்காதவர் என்று பட்டியலிலிருந்து நீக்கப்படலாம். 2010ஆம் ஆண்டுத் திருத்தம் 20ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. 2011 பிப்ரவரி 10 முதல் அது நடைமுறைக்கு வந்தது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்காத இந்தியர், 6ஏ படிவத்தில் விண்ணப்பித்து, பாஸ்போர்ட்டில் உள்ள முகவரிக்குரிய தொகுதியில் வாக்காளராகலாம். அவருக்கு வாக்காளர் அடையாள அட்டை தர மாட்டார்கள். வாக்களிக்க மூல பாஸ்போர்ட்டைச் சாவடியில் காட்ட வேண்டும். சாவடியில் என்ற சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. மதுரைக்கோ கோவைக்கோ விமானம் பிடித்து, வத்தலக்குண்டு வழியாகவோ பழனி வழியாகவோ மலையேறி, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வரிசையில் நிற்க வேண்டும். கட்டட மேஸ்திரிக்கு அது ஒரு மாதச் சம்பளமாவது ஆகும். விடுப்பு கிடைப்பது வேறு கதை.

யார் வருவார்கள்? 2019இல் பதிவு செய்திருந்த வெளிநாடு வாழ் வாக்காளர்கள் 99,844 பேர். வந்து வாக்களித்தவர்கள் 25,606 பேர், அநேகமாக அனைவரும் கேரளத்துக்காரர்கள். வளைகுடாவிலிருந்து ஆட்களை அழைத்துவர அங்கே கட்சிச் சார்புள்ள அமைப்புகள் உண்டு. 2024இல் பதிவு 1,19,374 ஆக உயர்ந்தது. வந்தவர்கள் 2,958 பேராகச் சரிந்தார்கள். அதிலும் 2,670 பேர் கேரளம். மிச்சமுள்ள இந்தியா முழுவதற்கும் 288 பேர். கோடிக்கு மேல் வெளிநாட்டில் குடிமக்களைக் கொண்ட ஒரு நாட்டில் 288 என்ற எண்ணைப் பங்கேற்பு என்று அழைப்பது கடினம்.

மாற்ற முயன்றவர்கள் இல்லாமல் இல்லை. உச்ச நீதிமன்றத்தில் 2013 முதல் வழக்குகள் வந்தன. 2018 ஆகஸ்ட் 9 அன்று, வெளிநாடு வாழ்வோருக்குப் பதிலி வாக்கு தரும் மசோதாவை மக்களவை நிறைவேற்றியது. மாநிலங்களவைக்குப் போகாமலே அது 2019இல் அவையோடு காலாவதியானது. எனக்கு அதில் வருத்தமில்லை. வீரருக்கே சரிப்படாத பதிலி முறையை, யூனிட்டும் கட்டளை அதிகாரியும் இல்லாத லட்சக்கணக்கான தொழிலாளருக்கு விரித்திருந்தால் ஊர்தோறும் பதிலித் தரகர்கள் முளைத்திருப்பார்கள். இரண்டாவது வாய்ப்பு நழுவியதில்தான் வருத்தம். 2020 நவம்பரில் தேர்தல் ஆணையமே சட்ட அமைச்சகத்துக்கு எழுதியது: படையினருக்கு உள்ள மின்னணு அஞ்சல் வாக்குமுறையை வெளிநாடு வாழ்வோருக்கும் விரிக்கத் தாங்கள் தயார், அடுத்த ஆண்டு நடக்கவிருக்கும் அசாம், மேற்கு வங்கம், கேரளம், தமிழ்நாடு, புதுச்சேரித் தேர்தல்களிலேயே செய்யலாம் என்று. 2021 ஏப்ரல் 6 அன்று தமிழ்நாடு வாக்களித்தபோது அப்படி எதுவும் நடந்திருக்கவில்லை. 2022 நவம்பரில், அரசு வழிகளை ஆராய்ந்துவருகிறது என்ற உறுதியைப் பதிந்துகொண்டு உச்ச நீதிமன்றம் வழக்குகளை முடித்துவைத்தது.

கொடைக்கானலில் மூன்றாவதாக ஒருவரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 1845இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி ஏறிவந்த மலை இது. அவர்களின் பிள்ளைகளுக்காக 1901இல் தொடங்கிய பள்ளிதான் இன்றைய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி. அமெரிக்கக் குடிமக்கள் இந்த மலையில் தங்குவது புதிதல்ல. அவர்களுக்கு அவர்கள் நாட்டுச் சட்டம் கேட்கும் கேள்வி வேறு. 1986இல் ஜனாதிபதி ரீகன் கையெழுத்திட்ட சட்டம் படையினரையும் வெளிநாட்டில் வாழும் சாதாரணக் குடிமக்களையும் ஒரே வரியில் நிறுத்துகிறது. யார் அனுப்பினார்கள் என்று கேட்பதில்லை. கடைசியாக அமெரிக்காவில் எங்கே குடியிருந்தாரோ அங்கே, இப்போது அங்கே வீடு வாசல் இல்லாவிட்டாலும், கூட்டாட்சித் தேர்தல்களில் அவருக்கு வாக்கு. ஒரே விண்ணப்ப அட்டையில் பதிவும் வாக்குச்சீட்டு வேண்டுகோளும் அடங்கும். 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி, கேட்டவருக்குத் தேர்தலுக்கு 45 நாள் முன்பே சீட்டை அனுப்பியாக வேண்டும். அது வந்து சேராவிட்டால், வேட்பாளர் பெயரைத் தானே எழுதி அனுப்பும் மாற்றுச் சீட்டும் உண்டு. நம் 14 நாளை இந்த 45 நாளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

அமெரிக்காவை இதில் உத்தமர் என்று சொல்ல வரவில்லை. அங்கே தேர்தலை நடத்துவது ஆயிரக்கணக்கான உள்ளூர் அலுவலகங்கள். ஒரு மாநிலம் மின்னஞ்சலில் சீட்டைத் திரும்பப் பெறும், இன்னொன்று மறுக்கும். 2000ஆம் ஆண்டு ஃபுளோரிடாவில் 537 வாக்கில் ஜனாதிபதிப் பதவி முடிவானபோது, கடல்கடந்து வந்த உறைகளில் அஞ்சல் முத்திரை இருந்ததா, தேதி சரியா என்று நடந்த சண்டை ராதாபுரத்தின் பெரியண்ணன். படையினரையும் பொதுக் குடிமக்களையும் அங்கேயும் ஒரேயடியாகச் சேர்த்துவிடவில்லை. 1942இல் போர்முனை வீரர்களுக்குச் சட்டம் வந்தது. சாதாரணக் குடிமக்களுக்கு 1975 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிரிட்டன், நாட்டை விட்டுப்போய் 15 ஆண்டு கடந்தவருக்கு வாக்கில்லை என்ற வரம்பை 2024 ஜனவரியில்தான் நீக்கியது. முதலில் சிப்பாய், பிறகு குடிமகன் என்பதே எங்கும் நடந்த வரிசை. நாம் அந்த வரிசையின் நடுவில் நின்றுவிட்டோம்.

நின்றதற்கு நியாயமான காரணங்களும் உண்டு. வளைகுடாவில் தொழிலாளர் முகாமில் சீட்டை அச்செடுப்பது யார் கணினியில்? சான்றொப்பம் தூதரகத்தில் என்றால், பாலைவனத்துக்கு நடுவே உள்ள முகாமிலிருந்து தூதரகம் போவதும் ஒரு நாள் சம்பளம் போவதுதான். முதலாளியோ கட்சிக் கிளையோ உறைகளை மொத்தமாகச் சேகரித்தால் தடுப்பது யார்? படையில் இதைக் காக்க ஒரு கட்டமைப்பு இருக்கிறது, அதன் குறைகளோடு. கடல்கடந்த தொழிலாளருக்கு அதை உருவாக்கித்தான் ஆக வேண்டும். இன்னொரு எதிர்வாதம் இன்னும் கூர்மையானது: துபாய்க்கு முன், திருப்பூரைப் பாருங்கள். மலைக்கிராமத்திலிருந்து பின்னலாடை வேலைக்கு இறங்கிய குடும்பத்துக்கும் தபால் வாக்கில்லை. இத்தகையோருக்காக, ஒரே சாவடியில் 72 தொகுதிகள் வரை கையாளும் இயந்திரத்தைப் பார்க்க 2023 ஜனவரி 16 அன்று வருமாறு ஆணையம் கட்சிகளை அழைத்தது. தி.மு.க. உட்பட எதிர்க்கட்சிகள் பலமாக மறுத்தன. அத்தனை தொகுதிக்கும் வெளி மாநிலத்தில் முகவர்களை எப்படி உட்கார வைப்பது என்ற கேள்விக்குப் பதில் எளிதாக இல்லை. திட்டம் அப்படியே நின்றது.

ஆனால் வெளிநாடு வாழ்வோருக்குப் புதிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 60ஆம் பிரிவு, தன் மூன்றாவது உட்பிரிவிலேயே, எந்த வகையினருக்கும் அஞ்சல் வாக்கு தர வழி வைத்திருக்கிறது: ஆணையம் அரசைக் கலந்து அந்த வகையினரை அறிவிக்கை செய்தால் போதும், விதிகளில் உரிய திருத்தம் வேண்டும், நாடாளுமன்றத்தில் புது மசோதா வேண்டாம். 2019 அக்டோபரில் இதே உட்பிரிவைக் கொண்டுதான் 80 வயது கடந்தவர்களும் மாற்றுத்திறனாளிகளும் 12டி படிவம் கொடுத்து வீட்டிலிருந்தே வாக்களிக்கும் வழி வந்தது. கொரோனா காலத்தில் நோயாளிகளையும் சேர்த்தார்கள். 2024 மார்ச்சில் வயது வரம்பை 85 ஆக்கினார்கள். அந்த ஆண்டு மக்களவைத் தேர்தலில், நடக்க முடியாத முதியவரின் வீட்டுக்கு அலுவலர்கள் போலீஸ் காவலோடும் வீடியோப் பதிவோடும் போய், மறைப்பு அட்டை வைத்து வாக்கை வாங்கி வந்தார்கள்.